ஆறாம் நம்பருக்குப் போட்ட துண்டு

எங்கள் கால்பந்துப் பாராட்டு விழாவில் மேடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, குத்துவிளக்கு கிடையாது. இதைச் சொன்னால் பலர் பரிதாபப்படுகிறார்கள். பரிதாபப்பட ஒன்றுமில்லை. ஒரு வருடம், மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன ஒரு பெரிய மனிதருக்காக ஆறு கல்லூரிகளின் பெண்களும் ஐந்தரை வரை வெயிலில் காய்ந்தார்களாம். கடைசிவரை அவர் வரவே இல்லை. வாங்கி வைத்த துண்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல், எதிரெதிர் அணியில் ஆடியவர்களே ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள். அது எல்லோருக்கும் பிடித்துப்போய் அப்படியே பழக்கமாகிவிட்டது. இது நான் ஆட வருவதற்கு முன்பு நடந்தது. அந்தப் பெரிய மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால், வராமல் இருந்ததற்காக அவருக்கே ஒரு துண்டு போடுவேன்.

செங்கல்பட்டைச் சுற்றியும் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கமும் இருக்கிற ஆறு கல்லூரிகளின் பெண்கள் அணிகள் வருடா வருடம் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் போட்டி அது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டம். பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் ஆளுக்கொரு சீட்டு எழுதி, மடித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எதிரணியில் தங்களை அதிகமாகப் படுத்தியெடுத்தவள் யாரோ அவளுடைய சட்டை எண்ணைப் பெரிதாக எழுதி, கீழே ஒரு வரியில் காரணத்தையும் எழுத வேண்டும். சொந்த அணிக்காரிக்கு ஓட்டுப் போட முடியாது. எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு டப்பாவைத் திறந்து எண்ணி, சிறந்த பதினொரு பேரை அறிவிப்பார்கள். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கும் அந்தப் பதினொரு பெயர்கள்தான் போகும்.

விழா அன்று அந்தப் பதினொரு பேரும் மைதானத்தில் அவரவர் ஆடும் இடத்தில் போய் நிற்பார்கள். கோல் கீப்பர் கோல் கம்பத்துக்கு நடுவில், மற்றவர்கள் அவளுக்கு முன்னால் பரவி. மைக்கில் சீட்டை வாசித்ததும், அதை எழுதிய கேப்டன் புல்லில் நடந்து வந்து அவளுக்குத் துண்டு போடுவாள். பட்டுமில்லை, ஜரிகையுமில்லை. வியர்வை துடைக்கிற வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். ஆனால் நம்மை எதிர்த்து ஆடி அல்லாடியவள் தன் கையால் போடும் துண்டு அது. அதற்காக நான் மூன்று வருடம் ஏங்கினேன்.

என் சட்டை எண் ஆறு. என் சட்டை என்று சொல்வது பாதிதான் சரி. எங்கள் கல்லூரி எங்களுக்குக் கொடுத்தது பதினொரு சட்டைகள், நாங்கள் பதினைந்து பேர். யாராவது வெளியே வந்தால் சட்டையைக் கழற்றி உள்ளே போகிறவளிடம் கொடுக்க வேண்டும். உள்ளே எல்லோருமே ஒரு பழைய டீ-ஷர்ட் போட்டிருப்போம். இன்னொருத்தியின் வியர்வை ஊறிய சட்டையைத் தலைவழியாக மாட்டும்போது முதலில் குமட்டும். நான்கு ஆட்டத்துக்குப் பிறகு அதுவும் பழகிவிடும்.

இந்த ஆறாம் எண் சட்டையில் முதல் பாதி நான், இரண்டாம் பாதி என் தோழி. இதில் எந்தத் திட்டமும் இல்லை. அவள் வீடு அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில். ஞாயிறு காலை அவளுக்கு வாய்த்த பாசஞ்சர் வண்டி செங்கல்பட்டுக்கு வந்து சேரும்போது எங்கள் முதல் பாதி முடியும் தறுவாயில் இருக்கும். கொளவாய் ஏரிப் பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வண்டியின் ஹார்ன் நன்றாகவே கேட்கும். சற்று நேரத்தில் தோளில் பையோடு, கையில் பூட்ஸோடு அவள் ஸ்டேஷனிலிருந்து ஓடி வருவாள். நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவேன். கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் ஆட்டம் இருந்தால் எட்டு மணிக்குத்தான் தொடங்கும். எங்கள் வேன் முன்னாலேயே போய்விடும், அவள் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் அங்கேயும் இடைவேளை வந்திருக்கும். பதிவுத் தாளில் ஆறு என்ற எண்ணுக்கு நேரே என் பெயர் மட்டும் இருந்தது. அவள் பெயர் மாற்று ஆட்டக்காரிகள் பட்டியலில், எண் எதுவும் இல்லாமல் இருந்தது.

நாங்கள் இரண்டு பேருமே நடுக்களத்தில் தடுத்து ஆடுகிறவர்கள். நான் கத்துவேன், கையை ஆட்டுவேன், நடுவரோடு சண்டை பிடிப்பேன், பந்து எங்கே போனாலும் பின்னாலேயே ஓடுவேன். அவள் வாயே திறக்க மாட்டாள். பந்து வரப்போகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றிருப்பாள். தலைமுடியை ஒட்ட வெட்டி கிராப் வைத்திருந்தாள். எனக்கு இடுப்புவரை பின்னல். படிப்பு முடிந்ததும் பி.டி. டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் அதற்கான படிப்பில் இடம் சுலபமாகக் கிடைக்கும் என்று அடிக்கடி சொல்வாள்.

நாங்கள் மூன்றாம் வருடம் படித்தபோது டப்பாவைத் திறந்தார்கள். எங்கள் அணியின் ஐந்து ஆட்டங்களில் நான்கு சீட்டுகள் ஆறாம் எண்ணுக்கு வந்திருந்தன. அந்தப் பருவத்திலேயே அதிக ஓட்டு வாங்கிய எண் அதுதான். கல்லூரி அறிவிப்புப் பலகையில் என் பெயர் வந்தது. வகுப்பில் கைதட்டினார்கள். என் தோழி ஓடி வந்து கட்டிக்கொண்டு, “சூப்பர்டி! ட்ரீட் எப்ப?” என்றாள். அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லையா என்று அன்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதே உண்மை.

என் அப்பா திருக்கழுக்குன்றம் வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நைனா என்றுதான் கூப்பிடுவேன். என் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சவாரி நாள். செய்தியைச் சொன்னதும் ஆட்டோ ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும்படி, “பதினோரு பேர்ல ஒருத்திடா! என் பொண்ணுடா!” என்று கத்தினார். விழாவுக்கு வண்டியை நிறுத்திவிட்டு வருவதாகவும், முடிந்ததும் பிரியாணி வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

போட்டியை நடத்தியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பழைய நடுவர். ரெஃப்ரி சார் என்போம். அந்த நேரத்தில் அவருக்குக் கண்ணில் புரை எடுத்து, பச்சைத் துணி மறைப்போடு இருந்தார். பெரிதாக எழுதியிருந்த எண்களை மட்டும் எண்ணிவிட்டார், கீழே பொடியாக எழுதியிருந்த வரிகள் அவருக்குத் தெரியவில்லை. விழாவில் வாசிப்பதற்காக எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி என்னிடம் கட்டாகக் கொடுத்தார். “உன் கையெழுத்து தான்மா எனக்குப் புரியுது” என்றார்.

மறுநாள் மதியம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து பிரித்தேன். வேறு யாருடைய சீட்டையும் பார்க்காமல் முதலில் ஆறாம் எண்ணைத் தேடினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

முதல் சீட்டு: “கடைசி பத்து நிமிஷம் 6 இல்லன்னா மூணு கோல் போட்டிருப்போம்.” இரண்டாவது: “ஹாஃப் டைமுக்கு அப்புறம் 6 எங்க பாஸ் எல்லாத்தையும் புடுங்கிகினு போச்சு.” மூன்றாவது: “கிராப் வெட்டின பொண்ணு. பேசவே இல்ல, ஆனா பயமா இருந்துச்சு.” நான்காவது சீட்டு கடற்கரைக் கல்லூரியின் கேப்டன் எழுதியது. அவள் கோல் கீப்பரும்கூட, திருவிடந்தைப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். நல்ல உயரம். “இடைவேளைக்கு அப்புறம் எங்களைப் பாதித் தூரம்கூட வர வுடல. கோட்டு மேல நின்னு காலால எடுத்துச்சே ஒரு பால், அது இல்லன்னா கோல்தான்.”

நான்கு சீட்டிலும் நான் இல்லை. இரண்டாவது முறை படித்தேன். மூன்றாவது முறையும் படித்தேன். முதல் பாதி முழுக்க நான் போட்ட கூச்சலைப் பற்றி ஒருத்திகூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எழுதியவர்கள் மேல் கோபம், தோழி மேல் கோபம், அந்த பாசஞ்சர் வண்டியின் மேல்கூடக் கோபம்.

பிறகு பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். மற்றவர்களுடைய சீட்டுகளை ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதினேன். ஆறாம் எண் வந்தபோது, “கடைசி பத்து நிமிஷம்” என்பதை விட்டுவிட்டேன். “ஹாஃப் டைமுக்கு அப்புறம்”, “இடைவேளைக்கு அப்புறம்” இரண்டையும் விட்டேன். கிராப்பை விட்டேன், “பேசவே இல்ல” என்பதையும் விட்டேன். கோட்டு மேலிருந்து எடுத்த பந்தையும் விட்டேன். அதை எடுத்தது யாரென்று பார்த்த எல்லோருக்கும் நினைவிருக்கும். புதிதாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, அதனால் இது பொய் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத்து அழகாகத்தான் வந்திருந்தது.

விழா ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. நைனா தலையில் எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டையோடு ஸ்டாண்டு நண்பர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்று என் தோழியும் நேரத்தோடு வந்துவிட்டாள். சிமெண்ட் படியில் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய போனை வாங்கி வைத்துக்கொண்டாள். “அப்பா, நீங்க கைதட்டணும்ல. நான் வீடியோ எடுக்கறேன்” என்றாளாம்.

நான் நடுவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றேன். சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தேன். ரெஃப்ரி சார் ஒவ்வொரு சீட்டாக வாசிக்க, கேப்டன்கள் துண்டோடு நடந்து போனார்கள். ஆறாம் எண்ணுக்கு வந்தார். “எங்க பாஸ் எல்லாத்தையும் புடுங்கிகினு போச்சு” என்று வாசித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக, “எங்களைப் பாதித் தூரம்கூட வர வுடல” என்று வாசித்தார். பல பேர் எழுதியிருந்தால், கடைசியாக ஆடிய அணியின் கேப்டன்தான் துண்டு போட வேண்டும். கடற்கரைக் கல்லூரியின் கோல் கீப்பர் கையில் துண்டோடு என்னை நோக்கி வந்தாள்.

பாதி வழியில் அவள் நடை தளர்ந்தது. என் பின்னலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். நேரே என் முன்னால் வந்து நின்றாள். துண்டு அவள் கையிலேயே இருந்தது. மைக் தூரத்தில் இருந்ததால் அவள் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது.

“நான் எழுதுனது பாதிய காணோமே. யாரு எழுதுனது அந்தப் பேப்பரு?”

“நான்தான்” என்றேன்.

“அந்தப் பொண்ணு எங்க?”

நான் படியைப் பார்த்தேன். என் தோழி ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனை எங்கள் பக்கம் பிடித்திருந்தாள். பக்கத்தில் நைனா எழுந்து நின்று கைதட்டத் தயாராக இருந்தார். “அங்க உக்காந்துகினு கீது” என்றேன்.

அவள் திரும்பி மைக்கைப் பார்த்தாள். நேரே போய் அதைக் கையில் வாங்குவாள் என்றுதான் நினைத்தேன். வாங்கியிருந்தால் தப்பே இல்லை. நைனா அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருப்பார். அவளோ துண்டை மடித்து என் கையில் வைத்தாள்.

“நீயே போய் போட்டுட்டு வா. நான் இங்க நிக்கறேன்.”

நடந்தேன். நடுவட்டத்திலிருந்து அந்தப் படிவரை நான் எத்தனையோ முறை சட்டையைக் கழற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அன்று அது தீராத தூரமாக இருந்தது. நான் வருவது ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவள் வீடியோவை நிறுத்தவே இல்லை. பக்கத்தில் போய், துண்டை விரித்து அவள் தோளில் போட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி, “ஆறாம் நம்பர் இவதான். அந்த நாலு சீட்டும் இவளுக்குத்தான்” என்றேன். அந்த வீடியோ இன்னும் நைனாவின் போனில் இருக்கிறது. என் உருவம் கிட்டே கிட்டே வரும், துண்டு திரையை மறைக்கும், பிறகு கொஞ்ச நேரம் வானமும் அவளுடைய செருப்பும் மட்டும் தெரியும்.

ரெஃப்ரி சார் மறைப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு, “என்னம்மா குழப்பம்?” என்று வந்தார். ஒரே சட்டையில் இரண்டு பேர் ஆடிய கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு பதிவுத் தாளில் பெயரை மாற்றினார். சீட்டுகளிலிருந்து நான் விட்ட வார்த்தைகளைப் பற்றிச் சொல்லவில்லை. கோல் கீப்பரும் சொல்லவில்லை. தோழியைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நான் நின்ற இடத்தில் நிறுத்தினார்கள். செருப்போடு, சுடிதாரோடு, தோளில் துண்டோடு நின்றாள். வாயே திறக்காதவள் அன்று விசும்பி விசும்பி அழுதாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த ஓட்டுகள் யாருக்கு வந்தவை என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் என்னைக் கட்டிக்கொண்டு ட்ரீட் கேட்டிருக்கிறாள்.

கடற்கரைக் கல்லூரியின் வேன் கிளம்பும் நேரத்தில் ஓடிப்போய் ஜன்னலருகே நின்றேன். “ஏன் மைக்ல சொல்லல?” என்று கேட்டேன்.

“நான் கோல் கீப்பரும்மா” என்றாள். “மத்தவங்க தப்பு பண்ணா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. நான் ஒண்ணு வுட்டா மொத்த கிரவுண்டும் பாக்கும். அந்த பேஜாரு எனக்குத் தெரியும். உனக்கு எதுக்கு?”

வேன் போய்விட்டது. நன்றி என்று ஒரு சொல் என் வாயில் வரவில்லை.

படிக்குத் திரும்பினால் நைனா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “அப்ப உனக்கு?” என்றார். “எனக்கு இல்ல நைனா. நம்பர் குழப்பம்” என்றேன். “பிரியாணி சொல்லிட்டேனே, இன்னா பண்றது? வா, துன்னுட்டுப் போலாம். அந்தப் பொண்ணையும் இட்டுகினு வா” என்றார். எலும்பை எல்லாம் என் தட்டிலேயே பொறுக்கிப் போட்டார். எனக்கு எலும்பு பிடிக்கும்.

தோழியை வண்டியேற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் வறுத்த கடலை தின்றுகொண்டே சீட்டுகளில் நான் செய்ததைச் சொன்னேன். அவள் கையில் மிச்சமிருந்த கடலையைப் பொட்டலத்தில் திருப்பிப் போட்டாள். பிறகு, “கிராப் வெட்டின பொண்ணுன்னா எழுதுனாங்க?” என்று கேட்டுச் சிரித்தாள். “அந்த கிராப்புக்கு வூட்ல இன்னா திட்டு வாங்குனேன் தெரியுமா?” வண்டி வந்தது. ஜன்னலில் உட்கார்ந்ததும், “லூசு. ஃபர்ஸ்ட் ஆஃப் ஃபுல்லா நீ அவங்கள ஓட வுட்டு நாக்கு தள்ள வெச்சிடுற. நான் வந்து டயர்டான ஆளுங்களைத்தான் புடிக்கறேன்” என்றாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையிலேயே அப்படி நினைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. “கடைசி ஃப்ரெண்ட்லி மேட்ச் ஒண்ணு கீதுல்ல? அதுக்கு மொத பஸ்ஸ புடிச்சி வர்றேன். ஃபர்ஸ்ட் ஆஃப் நான், செகண்ட் ஆஃப் நீ.” சொன்னபடி வந்தாள். அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் நாங்கள் மூன்று கோல் வாங்கினோம்.

அவள் பல்கலைக்கழக அணியில் ஆடினாள். இன்று மதுராந்தகம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். கிராப் அப்படியே இருக்கிறது. நான் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் பதிவுச்சீட்டு எழுதுகிறேன். துண்டு எனக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை, ஆனால் போடும் பாக்கியம் கிடைத்தது. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். அன்று துண்டோடு வந்தவள் வேறொருத்தியாக இருந்திருந்தால், அதற்குப் பிறகு நான் பந்தைத் தொட்டிருக்க மாட்டேன். நைனாவுக்கு மீதிக் கதை இதைப் படித்தால்தான் தெரியும்.

ரெஃப்ரி சாருக்குக் கண் சரியான பிறகும் சீட்டுகளை வருடா வருடம் நானேதான் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன். இப்போதெல்லாம் எல்லா அணிக்கும் போதுமான சட்டைகள் இருக்கின்றன. ஆனாலும் ஒரு சொல், ஒரு எழுத்துப்பிழை விடாமல் எழுதுகிறேன். அந்தக் கோல் கீப்பரும் ஒவ்வொரு விழாவுக்கும் வருகிறாள். திருவிடந்தைப் பக்கம் கடற்கரை மணலில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள், அவளுடைய பெண்கள் இரண்டு பேராவது பதினொன்றில் இருப்பார்கள். நன்றியை நான் இன்னும் அவளிடம் நேரே சொன்னதில்லை. விழா தொடங்கும் முன் அவள் என் மேஜைக்கு வருவாள். நான் எழுதிய தாள்களைக் கையில் எடுத்துப் பார்ப்பாள். படிப்பதில்லை, சும்மா புரட்டுவாள்.

இந்த வருடமும் வந்தாள். “எல்லாம் கீதா?” என்று கேட்டாள்.

“எல்லாம் கீது” என்றேன்.